கேட்டுக்கு இந்தப் பக்கம்

எட்டு முப்பத்தெட்டுக்குக் கொருக்குப்பேட்டையில்
கேட் போட்டுவிட்டார்கள்.
துறைமுகத்துக்குப் போகிற சரக்கு வண்டி,
அதற்கு யாரும் சுற்றறிக்கை அனுப்புவதில்லை.
ஸ்கூட்டியை அணைத்துவிட்டுப் பையைத் தடவிப் பார்த்தேன்.
பாடக்குறிப்பேடு இருக்கிறது.

எட்டே முக்காலுக்கு மேல் வரும் ஆசிரியர்
சிவப்பு மையில் ஒப்பமிட வேண்டும்.
அந்தப் பேனாவைத் தலைமையாசிரியர் மேசையில்
நூலால் கட்டிவைத்திருக்கிறார்கள்,
யாரோ ஆசைப்பட்டு எடுத்துப்போய்விடுவார்கள் போல.

கம்பிக்கு அடியில் ஒரு முதுகு குனிந்தது,
முதுகில் எங்கள் பள்ளிப் பை.
"டேய் தேசிங்கு!"
வகுப்புக் குரல் தானாக வந்துவிட்டது.
பக்கத்தில் தண்ணிக்கேன் வண்டிக்காரரும்
ஓரடி பின்னால் போனார்.

நிமிர்ந்தான். விரல்கள் வெளுத்து ஊறியிருந்தன.
காசிமேட்டில் விடியுமுன் அம்மாவோடு
இறால் உரித்துவிட்டு
சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வருகிறவன்.
"அஞ்சு செகண்டு மிஸ், பூந்து போய்டுவேன்.
தெனம் அப்டித்தான் போறேன்."
"நில்லு இங்க."
நின்றான்.

பெட்டிகளை எண்ணினோம்.
நான் ஐம்பத்தேழு, அவன் ஐம்பத்தெட்டு.
"கடசில கார்டு டப்பா மிஸ், அத்த வுட்டுட்டீங்கோ."
கணக்கு டீச்சர் நான்.

தம் வாகனத்தில் மாணவரை ஏற்றக் கூடாது.
அதனால் அவன் ஓடினான்,
நான் அவன் ஓட்டத்தின் வேகத்துக்கு
ஸ்கூட்டியை உருட்டினேன்,
சாக்கடை மூடிகளைச் சுற்றி, மாட்டைச் சுற்றி.
பின்னால் வந்த ஷேர் ஆட்டோ
என் பரம்பரையையே விசாரித்தது.

ஒன்பது நான்கு. சிவப்புப் பேனா.
ஃபிலோமினா மேடம் ஒன்றும் சொல்லவில்லை,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மெமோவைவிட அது நீளம்.

பிறகு என் முறை.
தாமதமாய் வரும் மாணவர் முதல் பாடவேளை முழுதும்
வெளியே நிற்பதை
வகுப்பாசிரியர் உறுதிசெய்ய வேண்டும்.
ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவின் வாசலில்
சொல்லும் முன்பே போய் நின்றிருந்தான்,
செருப்பை ஒழுங்காக ஓரம் விட்டு.

வகுப்பறையில் கைப்பேசி கூடாது, விதி ஒன்பது.
வருகையைக் கைப்பேசியில்
ஒன்பதரைக்குள் ஏற்ற வேண்டும், விதி பதினொன்று.
பத்தாவது நினைவில் இல்லை.
சன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி
சிக்னலுக்குக் காத்திருக்கிறேன்.
முப்பத்தொரு பிள்ளைகளும் கழுத்தை நீட்டுகிறார்கள்.
"சுத்துது மிஸ், சுத்துது... போச்சு."
செயலியில் இரண்டே பொத்தான்கள்,
வருகை, வருகையின்மை.
வாசற்படியில் நிற்பவனுக்கு ஒன்றுமில்லை.
விரல் கொஞ்ச நேரம் நடுவில் நின்றது,
பிறகு வருகையை அழுத்தியது.

நாற்காலியைப் போன ஜூனில் எடுத்துப்போனார்கள்.
உட்கார்ந்து பாடம் நடத்துவது ஒழுங்கீனம்.
முழங்காலுக்குக் கீழே நரம்புகள் சுருண்டிருப்பதைப்
புடவை மட்டும் அறியும்.
கரும்பலகைக்கு இந்தப் பக்கம் நான்,
கதவுக்கு அந்தப் பக்கம் அவன்,
நாற்பது நிமிஷம்
இருவரும் ஒரே தண்டனையில் பின்னம் படித்தோம்.
கூட்டலில் நான் ஒரு இடத்தில் தடுமாறியபோது
வெளியே ஒரு தொண்டை செருமியது.

மணி அடித்தது. தாமதப் பதிவேடு.
பெயர், வகுப்பு, நேரம்,
கடைசியில் இரண்டு விரல் அகலத்துக்குக் காரணம்.
'போக்குவரத்து' என்று தொடங்கி, அடித்துவிட்டு
எழுதினேன்:
ஆசிரியர் நிற்கச் சொன்னதால் நின்றான்.
இடம் போதாமல் 'நின்றான்'
கோட்டைத் தாண்டி அடுத்தவன் கட்டத்துக்குள் போனது.

எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டான்.
தாளில் இறால் வாடை.
பேனாவைத் திருப்பித் தந்துகொண்டே கேட்டான்:
"நாளைக்கும் கேட் போட்டா
நிக்கணுமா மிஸ்?"

சுற்றறிக்கையை எடுத்தேன்.
பத்தாவது விதியைத் தேடினேன்.
கரும்பலகையைத் தினமும்
ஈரத்துணியால் துடைக்க வேண்டும் என்றிருந்தது.