நான்கு நாள், மூன்று இரவு

கஸ்தூரியார் வீதியில் கைபேசிக் கடைக்கு மேலே
என் பயண முகவர் நிலையம்.
மூச்சு வாங்கப் படியேறி வந்தார்கள்
மர்சூக்கும் முனவ்வராவும்.
"புரூணைக்குப் போகவேணும் தம்பி.
உம்ரா முடிச்சிட்டம். இது சும்மா, பாக்க."

சும்மா போகிறவர்கள் என்னிடம் வருவது குறைவு.
பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும்
ஒருவழிச் சீட்டுப் போட்டே பழகிய கை.

முதல் நாள் என்று தட்டினேன்:
நீரில் மிதக்காத கல் தோணி, அருகில்
பொற்குவிமாடப் பள்ளிவாசல்.
தொழுகை வேளையில் பார்வையாளருக்கு அனுமதியில்லை.
"நாங்க பார்வையாளர் இல்லயே" என்றார் முனவ்வரா.
அந்த வரியை அழித்தேன்.

இரண்டாம் நாள்: இருபத்தொன்பது குவிமாடம் உள்ள
இன்னொரு பள்ளி.
மூன்றாம் நாள்: மழைக்காடு.
நீள்படகில் ஆற்றை எதிர்த்துப் போய்,
ஆயிரத்துச் சொச்சம் படி ஏறி,
மரங்களின் உச்சந்தலைக்கு மேல் இரும்புப் பாலத்தில் நடக்கலாம்.
வழுக்கையாறும் மாரிக்கு மட்டும் ஆறாகிற ஊரிலிருந்து
இதையெல்லாம் கண்டவன் போலத் தட்டினேன்.
மர்சூக் முழங்காலைத் தடவினார்.
"ஏறலாம்."

ஒரு கடவுச்சீட்டை வீட்டில் மறந்திருந்தார்கள்.
பின்னேரம் மோட்டார் சைக்கிளில் சோனகதெருவுக்குப் போனேன்.
ஐந்து நிமிடம்.
நாற்பது வயது வரை போகாத ஐந்து நிமிடம்.

அஸர் பாங்கு முடிந்திருந்தது.
பக்கத்து வளவில் கூரையில்லாத வீடு.
சுவரை விழுங்கிக்கொண்டிருந்தது ஆல்.
அடுப்படியில் அரசு.
ஜன்னல் கம்பியோடு வளர்ந்து
கம்பியை உள்ளே வைத்துக்கொண்ட வேர்.

"எங்கடதும் இப்பிடித்தான் கிடந்தது" என்றார் மர்சூக்.
"இருவது வருசம் கழிச்சுப் புத்தளத்தால வந்தா
வாசல் எதெண்டு விளங்கேல்ல.
அண்டைக்கு காடு வெட்டக் காசு குடுத்தம்.
இப்ப காடு பாக்கக் குடுக்கிறம்."
அவர் சிரித்தார்.
முனவ்வரா சிரிக்கவில்லை.
"படுக்கையறைக்குள்ள ஒரு நாவல் நிண்டது.
அத வெட்டியிருக்கத் தேவயில்ல."

அந்த ஐப்பசியில் எனக்கு ஒன்பது வயது.
ஒரு திங்கட்கிழமை என் பக்கத்து இருக்கை காலி.
ஏன் என்று ரீச்சரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
இடம் கிடைத்ததென்று
அதில் என் புத்தகப் பையை வைத்தேன்.
வருடம் முடியும்வரை வைத்தேன்.

இதை அவர்களிடம் சொல்லவில்லை.
தந்த தேநீரைக் குடித்தேன்.
இஞ்சி கூட.

இரவு நிலையத்தில் நாலாம் நாளை நிரப்பினேன்.
காலை உணவு. விமான நிலையம். கோலாலம்பூர். கொழும்பு.
அதற்குக் கீழே என் படிவத்தில் கட்டமே இல்லை.
பேனாவால் கோடு போட்டு
கையால் எழுதினேன்:

சோனகதெரு. வீட்டு வாசல் வரை வாகனம்.
செலவு என்னுடையது.