மேற்படி

எனக்குக் கீழே முந்நூற்றுப் பன்னிரண்டு இயந்திரங்கள்.
ஒன்றைக்கூடத் தொட முடியாது.
மும்பையில் ஏதோ ஒரு குளிர்ந்த கட்டடத்தில்
பதினொரு இரும்புப் பெட்டிகள்
தங்களை முந்நூற்றுப் பன்னிரண்டாக
நினைத்துக்கொண்டிருக்கின்றன.
அவற்றின் நாடியைப் பிடித்தபடி
நீடாமங்கலத்தில், ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்,
மாவு மில் மாடியில் நான்.

திரை முழுக்கப் பச்சை.
சம்பா நட்டு இருபதாம் நாள் பச்சை.
நினைவகம் அறுபத்தொரு சதவீதம்.
எந்தக் கோடும் துள்ளவில்லை.

2:47க்கு போன்.
சேலத்தில் மருந்து மொத்த வியாபாரம், தேவசகாயம்.
"மேடம், ஒன்றரை மணி நேரமா பில் விழல.
ஆஸ்பத்திரி வண்டி வாசல்ல நிக்குது."
"எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார்."
சொல்லிவிட்டுத்தான் பார்த்தேன்.
அறுபத்தொன்று.
தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன்.
அறுபத்தொன்று.
உயிருள்ள எதுவும்
இவ்வளவு ஒழுங்காக இருக்காது.

எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒரு நிரல் உண்டு.
அதை யாரும் பார்த்துக்கொள்வதில்லை.
பில் போடும் இயந்திரமும் அதுவும்
ஒரே பெட்டியில் குடியிருந்தது
எனக்குத் தெரியாது.
1:09க்கு ஏழாவது பெட்டி நின்றிருக்கிறது.
செத்தது கடைசியாகச் சொன்னதையே
திரை சொல்லிக்கொண்டிருந்தது.

மூணாறு தலைப்பில் லஸ்கரின் பதிவேட்டை
ஒருமுறை பார்த்திருக்கிறேன்.
இரவு பத்து மணி:
வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு,
மூன்றுக்கும் எண்.
பதினொன்று, மேற்படி.
பன்னிரண்டு, மேற்படி.
ஒன்று, இரண்டு, மூன்று
ஒரே மூச்சில் எழுதிய சாய்வில்
மேற்படி மேற்படி மேற்படி.
அன்று சிரித்தேன்.
என் சம்பளம் அவர் சம்பளத்தைப்போல் மூன்று மடங்கு.

ஏழில் இருந்தவற்றை மூன்றாவது பெட்டியில் எழுப்பினேன்.
3:31க்கு சேலத்தில் முதல் பில்.
தேவசகாயம் நன்றி சொல்லவில்லை, வைத்துவிட்டார்.

விடிவதற்குள் சின்னதாக ஒன்று எழுதினேன்.
நிமிடத்துக்கு ஒருமுறை
வாடிக்கையாளர்போல் வெளியிலிருந்து வரும்.
ஒரு ரூபாய்க்குப் பாராசிட்டமால் கேட்கும்.
பில் கைக்கு வந்தால்தான் நம்பும்.
தலைப்பில் எவ்வளவு திறந்தார்கள் என்பது
அதற்குத் தேவையில்லை.
பெயர் கேட்டது கணினி.
கடைமடை என்று கொடுத்தேன்.

புனேயிலிருந்து ஓம்கார்: அப்படியென்றால்?
'தண்ணீர் கடைசியாக வந்துசேரும் வயல்'
அடித்தேன், அழித்தேன்.
'வந்துசேராத வயல்'
அதையும் அழித்தேன்.
'கடைசி யூசர்' என்று அனுப்பினேன்.
கட்டைவிரல் போட்டான்.

அறிக்கைக்காக ஷிப்ட் குறிப்பைத் திறந்தால்
1:58க்கு என் பெயரில் ஒரு வரி:
'எல்லாம் பச்சை. மாற்றமில்லை.'
12:58 வரியிலிருந்து நகலெடுத்து ஒட்டியது.
முற்றுப்புள்ளிக்குப் பிறகு
அதே இரண்டு வெற்றிடம்.

அழிக்க எனக்கு உரிமை இருந்தது.
கீழே மன்னார்குடி வண்டிக்காக
கேட் அடைத்திருந்தார்கள்.
பால் வண்டிக்காரன் எஞ்சினை அணைத்துவிட்டு
தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.
நான் அந்த வரியைத் தொடாமல்
அதற்குக் கீழே
மணி போட்டு எழுதத் தொடங்கினேன்:
பார்க்கவில்லை.