நான்கு விரல்

மழைக்கு முன்பே வெட்டிவிட வேண்டும்.
மழை வந்தால் குழியில் தவளை குடியேறும்,
கோஷே இறங்க மாட்டேன் என்பாள்.
விமானத்துக்குக்கூட அவளுக்கு அவ்வளவு பயமில்லை.

நூபா மலையடியில்
வீட்டுக்கு மூன்று குழி.
சமையல் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒன்று,
சோளக்கொல்லை வரப்பில் ஒன்று,
மாமரத்தடியில் கோஷேயுடையது.

கோஷே என்றால் எங்கள் பேச்சில்
மூன்றாவதாகப் பிறந்த பெண்.
மூத்தவர்கள் இருவரும் எல்லைக்கு அந்தப் பக்கம்,
முகாம் பள்ளிக்கூடத்தில்.
அவர்கள் எவ்வளவு வளர்ந்தார்கள் என்பது
எந்தக் குழிக்கும் தெரியாது.

போன வருடம் இதற்குள் நின்றபோது
இவள் முழுக்க மறைந்தாள்.
இன்று நிறுத்திப் பார்த்தேன்.
பின்னல் போட்ட உச்சந்தலை வெளியே தெரிகிறது.
நான்கு விரல்.

கதவு நிலையில் கோடு கிழித்துப்
பிள்ளையின் உயரத்தை அளக்கும் தகப்பன்மார்
எங்கோ இருப்பார்கள்.
நான் மண்ணுக்குள் இறங்கி அளக்கிறேன்.
நான்கு விரல் வளர்ந்தாள், ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே
நான்கு விரல் ஆழம் வெட்டுகிறேன்.
ஒரே மூச்சில் இரண்டும்.
இதற்கென்று ஒரு ஜெபம்
உபதேசியார் சொல்லித் தரவில்லை.

டியாவின் மகனுக்கு வெட்டியதும்
இதே மண்வெட்டிதான்.
ஆட்டுக்குட்டியைப் பிடிக்கத் திரும்பி ஓடியவன்.
அன்று அளவெடுக்க யாருக்கும் மனம் வரவில்லை,
கண்ணளவில் வெட்டினோம்.
பெரிதாகப் போய்விட்டது.
ஆண்டவரே, அன்று இரவு உம்மோடு நான் பேசவில்லை.
மறுநாளும் பேசவில்லை.
மூன்றாம் நாள் இவளுக்குக் காய்ச்சல் கண்டது.
வெட்கமில்லாமல் வந்து நின்றேன்.

உயிர்ப்புப் பெருவிழாவுக்குக் குகைக்குள் கூடினோம்.
மண்ணெண்ணெய் தீர்ந்து
ஒற்றை மெழுகுவர்த்தி.
கல்லறை வெறுமையாய் இருந்தது என்று வாசித்தார்கள்.
கோஷே என் காதுக்குள் கேட்டாள்:
"சத்தமெல்லாம் அடங்கின பிறகுதானே அப்பா
அவர் குழியை விட்டு வெளியே வந்தார்?"

எங்கள் வீட்டுச் சட்டம் அது.
இரைச்சல் ஓய வேண்டும்,
நூறு எண்ண வேண்டும்,
அப்புறமும் நான் கூப்பிட்டால்தான் வரவேண்டும்.

"இல்லை" என்றேன்,
"சத்தம் இருக்கும்போதே வந்துவிட்டார்.
வாசலில் காவல்காரர்கள் உட்கார்ந்திருக்க."

"எண்ணவே இல்லையா?"

"எண்ணவில்லை."

கொஞ்சநேரம் யோசித்தாள்.
"அவங்க அப்பா திட்டலையா?"

முன்வரிசையில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள்.
சிரிப்பை அடக்கப் பார்த்தேன், அழுகை வந்துவிட்டது.
அவர் அப்பா கூப்பிட்டிருப்பார் என்றேன்.
நீ மட்டும் எண்ணித்தான் வரவேண்டும்,
நூறு வரைக்கும்,
நடுவில் தாவக்கூடாது என்றும் சொன்னேன்.

என் விசுவாசம் இவ்வளவுதான்.
கல் புரண்டது என்று நம்புகிறேன்,
மண்வெட்டியைக் கீழே வைக்கவும் முடியவில்லை.
நம்புகிறவன் ஏன் தோண்டுகிறாய் என்று
நீர் கேட்டால்
பதில் இல்லை.
ஏரோதின் ஆட்கள் வருமுன்
குழந்தையைத் தூக்கிக்கொண்டு ராத்திரியிலேயே கிளம்பிய
அந்தத் தச்சரைக் கேட்டுக்கொள்ளும்.

அள்ளிப்போட்ட மண்ணில்
ஹவா வெண்டை விதைத்திருக்கிறாள்.
ஆழத்து மண், இன்னும் களைப்படையாத மண் என்கிறாள்.
எட்டிப் பார்த்து, நான்கு விரலுக்கு மேல் போயிற்றே,
மேலும் ஏன் வெட்டுகிறாய் என்றாள்.
நிமிராமல் சொன்னேன்:
அடுத்த வருடத்துக்கு.

கோஷே குதித்து இறங்கி
அண்ணாந்து பார்த்தாள்.
"போதும் அப்பா, வானம் சின்னதாயிடும்."
பிறகு பக்கச் சுவரில் விரலால் கோடிட்டு,
இங்கே ஒரு படி வெட்டு,
தவளை வந்தால் ஏறிப் போகட்டும் என்றாள்.

வெட்டிக்கொண்டிருக்கிறேன்.