குலுக்கினால் சத்தம் வரக்கூடாது

எல் ஆல்ட்டோவின் வியாழக்கிழமைச் சந்தையில்
பழைய பிஸ்டனுக்கும் புதுச் செருப்புக்கும் நடுவே
பிரேக்கர்களைக் கூறு கட்டி வைத்திருந்தான் ஃப்ரூக்துவோசோ.
அறுபத்து மூன்று ஆம்பியர் அம்மணி,
வீட்டுக்குப் போட்டாலும் ஓடும், வண்டிக்குப் போட்டாலும் ஓடும்.
ஓடும், அதில் சந்தேகமில்லை.
நிறுத்துமா என்றுதான் கேட்டேன்.
அவன் அடுத்த ஆளுக்கு விலை சொல்லப் போய்விட்டான்.

முப்பது வருஷத்து மினிபஸ்.
எஞ்சினை எடைக்குப் போட்டாயிற்று.
இருக்கைகளின் அடியில் இப்போது
தொண்ணூற்றாறு செல்கள், ஒன்றன் தோளில் ஒன்று;
வயிறு நிறைய ஊட்டினால் நானூறு வோல்ட்.
ஓட்டுவது என் நாத்தனார் எவாரிஸ்தா.
வயரெல்லாம் என் தலையில்.

வீட்டு மின்சாரம் மூச்சு விடும்.
வினாடிக்கு நூறு தடவை பூஜ்ஜியத்தைத் தொட்டுத் திரும்பும்.
அந்த இடைவெளியில் பொறி தானே செத்துவிடும்,
பிரேக்கர் நல்ல பேர் வாங்கிக்கொள்ளும்.
பேட்டரிக்கு அந்தப் பழக்கம் கிடையாது.
உடும்புப் பிடி.
கம்பியைப் பிரித்தால்
நெருப்பிலேயே பாலம் போட்டுக்கொண்டு
இந்தப் பக்கம் வந்து நிற்கும்.

அதிலும் நாலாயிரம் மீட்டர் உயரம்.
கடலோரத்தில் அச்சடித்த எண்களுக்கு
இங்கே ஏறி வரும்போதே மூச்சிரைக்கும்.
உருளைக்கிழங்கு வேக ஒரு பொழுது ஆகும் ஊரில்
பொறி பாயமட்டும் நேரமே ஆவதில்லை.

எவாரிஸ்தா கணக்குப் போட்டாள்.
அரிக்கா துறைமுகத்திலிருந்து வரவழைக்கும் இரண்டு ஃபியூஸும்
பச்சையும் ஊதாவுமாக வாங்கி வைத்த பெயின்ட்டும்
ஒரே விலை.
பின்கண்ணாடியில் மகன் பெயரை எழுதுவதாக
ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது.
உன் பயத்தை நான் ஏன் காசு கொடுத்து வாங்கணும் என்றாள்.

சரி, வா, பார்.

உறைபனி காயாத காலை.
பாதி பேட்டரி, வரிசையாகக் கோத்த நாலு ஹீட்டர்,
நடுவில் ஃப்ரூக்துவோசோவின் பிரேக்கர்.
சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், கையில் இரண்டு கயிறு.
முதல் கயிற்றை இழுத்தேன்.
லீவர் இறங்கியது.
ஹீட்டர் சிவந்தே இருந்தது.
லீவர் இல்லை என்கிறது,
கம்பி ஆமாம் என்கிறது.
உள்ளே ஒரு வண்டு ரீங்காரம்,
வெல்டிங் பட்டறையின் நீலம்,
அப்புறம் பிளாஸ்டிக் சொட்டத் தொடங்கியது.
இரண்டாவது கயிறு கேபிளில் கட்டியது.
ஒரே வெட்டு, ஒரு மீட்டர் தள்ளிப் போய் விழுந்தது.
அப்போதுதான் விட்டது.

எவாரிஸ்தா எதுவும் பேசவில்லை.
மத்தியானம் பெயின்ட் டப்பாக்களைக் காணோம்.

டி.சி. பிரேக்கர் ஒன்றும் பார்த்தேன்.
அம்புக்குறி போட்டிருந்தது: இப்படி மட்டும் பாயலாம்.
எங்கள் பாதையோ லா பாஸுக்கு இறக்கம்;
இறங்கும்போது மோட்டார் கொடுப்பவனாக மாறி
மின்சாரம் பேட்டரிக்குள் திரும்பி நடக்கும்.
ஒருவழிக் காவல்காரன் எதற்கு?

கடைசியில் பீங்கான் குழல்.
உள்ளே வெள்ளிப் பட்டை, சுற்றிலும் மணல்.
வெள்ளி உருகினால் மணலும் கூடவே உருகிக் கண்ணாடியாகி
பொறியின் வாயை அடைக்கும்.
மெலிந்த காற்றைப் பற்றி அதற்குக் கவலையில்லை.
ஐந்நூறு வோல்ட், பக்கத்திலேயே டி.சி. என்று இருக்கிறதா பார்த்தேன்;
எழுதாததை நான் நம்புவதில்லை.
எத்தனை சுமக்கும் என்பதைவிட
எத்தனை ஆயிரம் ஆம்பியரை அறுக்கும் என்பதைப் படித்தேன்.
இருபது. போதும்.
காதருகே வைத்துக் குலுக்கினேன்.
போலிக்குக் கிலுகிலுக்கும்.

முதல் சவாரி. சாம்பல் நிறப் பிரைமரோடு ஒரு மினிபஸ்.
பக்கத்தில் மடியில் பூசணிக்காயோடு ஒருத்தி;
என் கையிலிருந்த உபரி ஃபியூஸை வாங்கிக் குலுக்கினாள்.
காலியா இருக்கே.
இல்லைம்மா, நிறைஞ்சிருக்கு.
தளும்பலையே?

எவாரிஸ்தா பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல்
நிறுத்தங்களின் பெயரைக் கத்திக்கொண்டிருந்தாள்.
வளைவில் பூசணிக்காய் உருண்டது; பிடித்தோம்.
பேட்டரி இரண்டு சதவீதம் ஏறியிருந்தது.