சுக்கான்

வீட்டு கேட்டில்
அப்பா வரைந்த கப்பல் சக்கரம்.
சுக்கான் மாசிலாமணி
ரங்கூன்வரை கப்பல் ஓட்டினாராம்.
தம்பி புஜத்தில் நங்கூரம்
பச்சை குத்தியிருக்கிறான்.
எனக்கோ மெரினா அலையைப் பார்த்தாலே வாந்தி.

எழும்பூர் ஆவணக் காப்பகம். மூன்றாம் நாள்.
தொட்டால் உதிர்கிற கூலிப் பேரேட்டில்:
மாசிலாமணி, சூளைக் காளவாய்.
சுக்கான்கல் சுமை, பதினொரு நடை.
இரண்டணா.
கூடை பிய்ந்ததற்குப் பிடித்தம் அரையணா.
கீழே ஒரு கைநாட்டு.

அதன்மேல் என் பெருவிரலை வைத்தேன்.
காப்பாளர் இருமினார்.
எடுத்துவிட்டேன்.

பஸ்ஸில் திரும்பும்போது
சென்ட்ரல், ஹைகோர்ட், ஏதோ ஒரு தேவாலயம்.
எந்தச் சுவரில்
செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவே
இறுகிக் கிடக்கிறதோ
அந்தப் பதினொரு நடை.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.
பொங்கலுக்குள் கேட்டுக்கு
பெயின்ட் அடிக்க வேண்டும்.
இந்த வருஷம் என் முறை.