கட்டறுக்கும் நாள்

காரா-பால்தா சந்தையில் தர்பூசணி வாங்கும்போதே
மைத்துனன் ஸமீர்பெக் தட்டிப் பார்த்துச் சொன்னான்,
இது ஓடுகிற காய்.
யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிஷ்கேக்கிலிருந்து
ஏழு பேர் வண்டியில் பதினொரு பேர்.
மடியில் சமோவார், சமோவாருக்குள் கரண்டிகள்,
ஒவ்வொரு வளைவிலும் அவை பேசிக்கொண்டே வந்தன.
ஒட்டகக் கணவாயில் ரேடியேட்டர் கொதித்தது.
ஜூலையிலும் பாறை நிழலில் பனி.
பிள்ளைகள் அள்ளி வந்து மூடிமேல் வைத்தார்கள்,
காய்ச்சல்காரன் நெற்றியில் வைப்பதுபோல.
சுரங்கப் பாதையைத் தாண்டினால் சூசாமிர்.
கண் ஓயும்வரை புல்.

போன கோடையிலும் இதே ஓடைக்கரைதான்.
அப்போது பெர்மெத்
இடுப்பிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு.
தவளைபோல் விரிந்த கால்களோடு
கம்பளத்தில் கிடத்தினால்
வானத்தை மட்டும் பார்ப்பாள்.
அவளுடைய முதல் சொல் பருந்து.
அம்மா இல்லை, அப்பா இல்லை, பருந்து.
அதற்காக என் மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.
நான் என்ன செய்தேன் என்று இன்றுவரை தெரியாது.

இப்போது நிற்கிறாள்.
இரண்டரை வயதில்,
எங்கள் வீட்டு அலமாரிபோல
கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து.

நடக்கத் தொடங்கும் பிள்ளையின் கணுக்கால்களைக்
கறுப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய நூலால் கட்டுவது
எங்கள் வழக்கம்.
தூரத்திலிருந்து ஓடி வருவார்கள்.
முந்தி வந்தவர் கத்தி எடுத்துக் கட்டை அறுப்பார்.
அறுத்தவரின் நடை பிள்ளைக்கு வருமாம்.

ஆகவே காலையிலிருந்து சண்டை.
துர்சுன் ஓடக் கூடாது, தூக்கத்தில் நடப்பவன்.
நர்கீஸா ஓடலாம்,
ஆனால் அவள் நடந்த வழியெல்லாம் கதவு அறைபடும்.
ஸமீர்பெக் ஓடினால்
பெண் கடன்காரனைக் கண்டு ஓடுவாள்,
இதைச் சொன்னது அவன் மனைவி.
கடைசியில், எல்லோரும் ஓடித் தொலையட்டும் என்று முடிவாயிற்று.

கனிஷாய் நூலை மூன்று முறை கட்டினாள்,
மூன்று முறை தளர்த்தினாள்.
மாவுக்கட்டை அறுத்த ரம்பத்தின் சத்தம்
அவள் காதை விட்டு இறங்கவில்லை.
ரொட்டித் துணிக்கடியில் கத்தியை அவள் தள்ளியதைப் பார்த்தேன்.
பார்க்காததுபோல்
தொப்பியைக் கழற்றி வீசினேன்.

ஓடினார்கள்.
அந்த நேரம் பார்த்து
குளிரட்டும் என்று ஓடையில் போட்டிருந்த தர்பூசணி
அடுக்கிய கல்லைத் தாண்டிற்று.
காய்! என்று ஒரு குரல்.
பந்தயம் அப்படியே திரும்பியது.
எட்டுப் பேர் நீரோடு ஓடினார்கள்,
செருப்போடும், செருப்பில்லாமலும்.
ஒன்பதாவதாகக் கனிஷாய், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு.
நான் புல்லில் தொப்பியைத் தேடினேன்.

நிமிர்ந்தால்
கம்பளத்தில் பெர்மெத் இல்லை.

கரையோரம்
சாய்ந்து
சாய்ந்து
அவசரமே இல்லாமல்
காய் போன திக்கில் போய்க்கொண்டிருந்தாள்.
ஒரு காலில் நூல் இழுபட்டு வந்தது.
மறு காலில் ஒன்றுமில்லை.
கூப்பிட வாய் திறந்தேன்.
கூப்பிடவில்லை.

பாறையில் மோதிப் பிளந்து கிடந்தது தர்பூசணி.
மணலைத் துப்பித் துப்பித் தின்றோம்.
யார் நடை இவளுக்கு என்று
சமோவார் ஆறும்வரை வழக்கு.
துர்சுன்தான் தீர்த்து வைத்தான்.
தர்பூசணி நடை.
உருளும், நழுவும், ஒருத்தர் கையில் நிற்காது.
கனிஷாய் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.
பிறகு ஓடைக்குப் போய்
வெகுநேரம் முகம் கழுவினாள்.

இறக்கத்தில் வண்டி கொதிக்கவில்லை.
தூங்குகிற பெர்மெத்தின் கால்
என் இருக்கையின் முதுகை உதைத்துக்கொண்டே வந்தது.
கத்தி எங்கே, என்றான் ஸமீர்பெக் திடீரென்று,
நல்ல கத்தி, என் கத்தி.

புல்லில் விழுந்திருக்கும், என்றாள் கனிஷாய்
கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு.