காலம் போதவில்லை

செப்டம்பர் பன்னிரண்டோடு
எங்கள் ஐஸ் கம்பெனியில் வருஷம் முடிந்துவிட்டது.

வலது அம்புக்குறியை அழுத்துகிறேன்,
கட்டம் நகரமாட்டேன் என்கிறது.
தலைக்கு மேலே ஐ, வி என்று இரண்டெழுத்து.
அதைத் தாண்டி வெறும் சாம்பல்,
தூண்டில் வளைவின் கடைசிக் கல்லில் நின்று பார்ப்பதுபோல.

விடிகாலை மூன்றரை.
வெளியே க்ரஷர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.
ஜன்னல் கம்பியில் தேசிங்கின் முகம்:
"பன்னெண்டு பாரு ஏத்திக்கினேன், எய்திக்கோம்மா."
எழுத முடியாதுண்ணே, காலம் முடிஞ்சுபோச்சு என்றேன்.
"ஆருக்கு?" என்று பதறிவிட்டான்.

பிஸ்கட் டப்பா அட்டையைக் கிழித்து
13/9, தேசிங்கு, 12 என்று எழுதிவைத்தேன்.
ஈர விரலால் அவனே அதை வாங்கிச் சரிபார்த்தான்.

தப்பு என்னுடையதுதான்.
ஜனவரி ஒன்றாம் தேதி
இருநூற்றுப் பன்னிரண்டு படகையும்
மேலிருந்து கீழாகக் கட்டிப்போட்டு
நாட்களைப் பக்கவாட்டில் ஓடவிட்டேன்.
நாள் என்றால் முன்னால்தானே போகும்?
பழைய கம்ப்யூட்டர், அதைவிடப் பழைய எக்செல்.
இருநூற்றைம்பத்தாறு காலத்துக்கு மேல் அதற்குத் தெரியாது.
பெயருக்கு ஒன்று போக
மிச்சத்துக்குள் ஒரு வருஷம் அடங்கவில்லை.

முதலாளி அன்வர்தீன் போனில் சுலபமாகச் சொன்னார்:
"தடைக்காலம் அறுபத்தொண்ணும் சும்மாதானே கெடக்கு,
தூக்கிடு ரெஜினா."

நியாயம்தான்.
ஏப்ரல் பதினைந்திலிருந்து ஜூன் பதினாலு வரை
ஒரு விசைப்படகும் போகவில்லை, ஒரு பாரும் உடையவில்லை.
தூக்கினால் நவம்பர் பன்னிரண்டு வரை தள்ளலாம்.
அப்புறம்
அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அறுபத்தொன்றையும் நீலமாக்கி
டிலீட்டில் விரல் வைத்தபோதுதான் பார்த்தேன்.
ஒடுக்கிவைத்த அந்தக் காலங்களுக்குள்
## ## ## என்று சின்னச் சின்ன முள்வேலி.
இழுத்து அகலமாக்கினேன்.
500.
1,200.
தேசிங்குக்கு நேராக மே இருபத்தெட்டில் 2,000.

பகல் ஷிஃப்ட் பிலவேந்திரன் வேலை.
போன் போட்டு எழுப்பினேன்.
"பள்ளிக்கூடம் தெறக்கற நேரம். வந்து நின்னாங்க, குடுத்தேன்.
நோட்டுல எழுதுனா அவர் பாப்பாரு.
ஐஸே போகாத நாளை எவன் பாக்கப்போறான்?"

கூட்டல் பார்த்திருக்கிறது.
ரூபாயையும் பாராக எண்ணிக்கொண்டு
மே மாதம் மட்டும் நாங்கள் விற்காத ஐஸ்
முப்பத்தோராயிரத்து எழுநூறு பார்.
காசிமேடே உறைந்துபோயிருக்க வேண்டும்.

டிலீட்டிலிருந்து விரலை எடுத்தேன்.

மொத்தத்தையும் காப்பி செய்தேன்.
புதுத் தாளில், ஸ்பெஷல் பேஸ்ட்,
டிரான்ஸ்போஸ் என்ற குட்டிப் பெட்டியில் ஒரு டிக்.
அடம் பிடித்தது:
மாதப் பெயர்களை நான் அழகுக்காக
ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருந்தேன்.
ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு மறுபடி.

சட்டென்று கவிழ்ந்தது வருஷம்.
படகுகள் மேலே வரிசையாக ஏறி நின்றன,
ஒவ்வொரு பெயரிலிருந்தும் நாட்கள்
ஈயக்குண்டு கட்டிய நரம்புபோலக் கீழே இறங்கின.
கீழே இடம் இருக்கிறது.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்,
நூற்றெழுபத்தொன்பது வருஷத்துக்கு.
படகுதான் இன்னும் நாற்பத்துமூன்றுக்கு மேல் வரக்கூடாது.
அவ்வளவு டீசல் யாரிடம் இருக்கிறது.

கூட்டலை மட்டும்
அந்த அறுபத்தொரு வரியைத் தாண்டிக் குதிக்கவைத்தேன்.
500, 1,200, 2,000
எல்லாம் அங்கேயேதான் இருக்கின்றன.
எழுத்தை மட்டும் வெள்ளையாக்கினேன்.

பவர்குப்பம் பக்கம் வெளுக்கத் தொடங்கியது.
செப்டம்பர் பதிமூன்று என்று அடித்து,
தேசிங்கைத் தேடி வலதுபக்கம் போய்ப் போய்
கடைசியில் கண்டுபிடித்தேன்.
அட்டையில் 12 பாதி அழிந்திருந்தது.
ஐஸ் தண்ணீர்.
நினைவிலிருந்து அடித்தேன்.